வலமும் இடமும் பிரித்தறிந்த இளைஞர்: லூயி பாஸ்டர் வாழ்வின் அதிகம் பேசப்படாத முதல் அத்தியாயம்

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டவர், பாலைப் பதப்படுத்தும் முறைக்குத் தம் பெயரைத் தந்தவர் என்றே பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர், வேதியியலாளர். நுண்ணுயிர்களின் பக்கம் அவர் கவனம் திரும்புவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 25 வயதில், ஓர் உப்பின் படிகங்களை ஒவ்வொன்றாக எடுத்து இரு குவியல்களாகப் பிரித்து வைத்தார். இன்றைய மருந்துத் தொழில் பெரிதும் சார்ந்து நிற்கும் ஒரு துறை அந்த இரு குவியல்களிலிருந்து தொடங்கியது.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று கிழக்கு பிரான்சின் டோல் நகரில் பிறந்தார். தந்தை, நெப்போலியனின் படையில் பணியாற்றித் திரும்பிய பின் தோல் பதனிடும் தொழில் செய்தவர். குடும்பம் பின்னர் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அர்புவா என்னும் சிற்றூரில் குடியேறியது. சிறுவன் பாஸ்டரிடம் வெளிப்பட்டது அறிவியல் திறமையைவிட ஓவியத் திறமையே. பெற்றோரையும் அண்டை வீட்டாரையும் வண்ணக்கோல்களால் அவர் வரைந்த படங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 1842இல் அவர் பெற்ற சான்றிதழில் வேதியியல் அறிவு சுமார் என்றே குறிக்கப்பட்டிருந்தது. பாரிசின் புகழ்பெற்ற எக்கோல் நார்மல் கல்வி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வில் அதே ஆண்டு தேறியும், பட்டியலில் பின்தங்கிய இடமே கிடைத்ததால் சேராமல், மறு ஆண்டு மீண்டும் எழுதி முன்வரிசையில் இடம்பெற்றுச் சேர்ந்தார். அங்குதான் புரோமின் தனிமத்தைக் கண்டறிந்த பலாரின் ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளர் பணி கிடைத்தது.

புளிப்பில் ஒளிந்திருந்த புதிர்

பாஸ்டரை ஈர்த்த புதிர் திராட்சை மது தொடர்பானது. மது ஊறும் மரப்பீப்பாய்களின் உட்புறத்தில் நாளடைவில் கெட்டியான ஒரு படிவு தங்கிவிடும். அதிலிருந்து சுவீடன் வேதியியலாளர் ஷீலெ 1769இல் பிரித்தெடுத்ததே டார்டாரிக் அமிலம். நம் சமையலறைப் புளியின் புளிப்புக்கும் முதன்மைக் காரணம் இதே அமிலம்தான். துணிகளுக்குச் சாயமேற்றும் தொழிலில் இது பெரிதும் பயன்பட்டதால் ஆலைகளில் தயாரிக்கப்பட்டது. அப்படி அல்சாஸ் பகுதியில் தான் என்ற ஊரில் இயங்கிய கெஸ்ட்னர் ஆலையில், 1820ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், எதிர்பாராத வகையில் வேறோர் அமிலமும் கிடைத்தது. திராட்சைக் குலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இதற்கு ரெசிமிக் அமிலம் என்று பெயர் வந்தது.

இரண்டிலும் ஒரே தனிமங்கள் ஒரே விகிதத்தில் இருப்பதை சுவீடனின் பெர்சிலியசு 1830இல் நிறுவினார். இயைபு ஒன்றாக இருந்தும் பண்பு வேறாக உள்ள இத்தகைய பொருள்களையே வேதியியல் பாடநூல்கள் மாற்றியங்கள் என்கின்றன. ஆனால், இந்த இரு அமிலங்களும் வேறுபட்ட விதம் விந்தையானது. அதை விளங்கிக்கொள்ள ஒளியின் தன்மையைச் சிறிது அறிய வேண்டும்.

சாதாரண ஒளியின் அதிர்வுகள் அது செல்லும் திசைக்குக் குறுக்காக எல்லாப் பக்கங்களிலும் நிகழ்கின்றன. சில படிகங்களின் வழியே செலுத்தினால் ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி வெளிவரும். இதுவே தளமுனைவுற்ற ஒளி. இரு முனைகளைப் பிடித்து மேலும் கீழுமாக மட்டும் ஆட்டப்படும் கயிற்றைப் போன்றது இது. இவ்வொளியைச் சில திரவங்களின் வழியே செலுத்தினால் அதன் அதிர்வுத் தளம் ஒரு கோணத்திற்குத் திரும்பிவிடுகிறது என்பதை பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பத்தீஸ்த் பியோ 1815இல் கண்டறிந்தார். டர்பன்டைன் எண்ணெயும் சர்க்கரைக் கரைசலும் இவ்வாறு ஒளியைச் சுழற்றின. நீரில் கரைந்த நிலையிலும் பண்பு மாறாததால், இது படிக அடுக்கின் விளைவன்று, மூலக்கூற்றுக்கே உரியது என்று பியோ உணர்ந்தார். ஒளியை எதிர்நோக்கிப் பார்ப்பவருக்கு அது கடிகார முள் சுற்றும் திசையில் திரும்பினால் அப்பொருள் வலஞ்சுழி. எதிர்த்திசையில் திரும்பினால் இடஞ்சுழி.

டார்டாரிக் அமிலம் ஒளியை வலப்புறம் சுழற்றியது. ரெசிமிக் அமிலமோ ஒளியைச் சற்றும் அசைக்கவில்லை. ஜெர்மனியின் மிட்ஷெர்லிக் 1844இல் இப்புதிரை மேலும் இறுக்கினார். இரு அமிலங்களின் சோடியம் அம்மோனியம் உப்புகளும் படிக வடிவம், கோணங்கள், அடர்த்தி அனைத்திலும் ஒத்திருக்கின்றன என்றும், ஒளியைச் சுழற்றுவதில் மட்டுமே வேறுபடுகின்றன என்றும் அவர் அறிவித்தார். எல்லாம் ஒன்றாயிருக்க ஒளி மட்டும் எவ்வாறு வேறுபாட்டை உணர்கிறது? மாணவராக இருந்தபோது படித்த இச்செய்தி பாஸ்டரின் மனத்தை விட்டு அகலவில்லை.

இடுக்கியும் இரு குவியல்களும்

1848ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் பாஸ்டர் டார்டாரிக் அமிலத்தின் பல்வேறு உப்புகளைப் படிகமாக்கி, உருப்பெருக்கியால் உற்றுநோக்கினார். பிறர் கவனிக்கத் தவறிய ஒன்று அவர் கண்ணில் பட்டது. படிகங்களின் விளிம்புகளில் சிறு சாய்முகங்கள் இருந்தன. அவை எல்லாப் படிகங்களிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒளியைச் சுழற்றும் பொருளின் படிகத்தில் இத்தகைய ஒருபக்கச் சாய்வு இருக்குமெனில், ஒளியைச் சுழற்றாத ரெசிமிக் அமில உப்பில் அது இருக்கக் கூடாது. இதுவே அவரது எதிர்பார்ப்பு.

ஆனால், அந்த உப்பிலும் சாய்முகங்கள் இருந்தன. ஒரு கணம் ஏமாற்றமளித்த அந்தக் காட்சியை அவர் மீண்டும் கூர்ந்து நோக்கியபோதுதான் உண்மை விளங்கியது. சில படிகங்களில் சாய்முகம் வலப்புறமும் வேறு சிலவற்றில் இடப்புறமும் அமைந்திருந்தது. ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் தெரியும் பிம்பமே மற்றொன்று. சங்குகளில் வலம்புரியும் இடம்புரியும் இருப்பதைப் போன்றது இது. ஒன்றை எப்படித் திருப்பி வைத்தாலும் மற்றொன்றின் மீது பொருந்தாது.

பாஸ்டர் இடுக்கியால் படிகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரு குவியல்களையும் தனித்தனியே நீரில் கரைத்தார். வலப்பக்கப் படிகங்களின் கரைசல் ஒளியை வலப்புறம் சுழற்றியது. இடப்பக்கப் படிகங்களின் கரைசல் அதே அளவு இடப்புறம் சுழற்றியது. இரண்டையும் சம எடையில் கலந்தபோது சுழற்சி மறைந்தது. ரெசிமிக் அமிலம் என்பது ஒரு தனிப்பொருளன்று; எதிரெதிராகச் சுழற்றும் இரு வடிவங்களின் சரிபாதிக் கூட்டு. தமிழ்ப் பாடநூல்கள் இத்தகைய கூட்டைச் சுழிமாய்க் கலவை என்று குறிப்பது பொருத்தமான பெயர். வலச்சுழியும் இடச்சுழியும் ஒன்றையொன்று மாய்த்துவிடுகின்றன.

செய்தி பலார் வழியாக பியோவின் செவிக்கு எட்டியது. முப்பதாண்டுகளுக்கும் மேலாக ஒளிச்சுழற்சியை ஆராய்ந்துவந்த அவருக்கு அப்போது வயது 74. பெயரறியாத இளைஞர் ஒருவரின் கூற்றை எளிதில் ஏற்க அவர் ஆயத்தமாக இல்லை. தம் கண்முன்னே சோதனையைச் செய்து காட்டுமாறு பாஸ்டரை அழைத்தார். ஒளியைச் சுழற்றவில்லை என்று தாமே சோதித்து வைத்திருந்த ரெசிமிக் அமிலத்தைக் கொடுத்தார். சேர்க்க வேண்டிய சோடாவையும் அம்மோனியாவையும்கூட அவரே தந்தார். கரைசல் பியோவின் அறையிலேயே மெல்ல ஆவியாக விடப்பட்டது. சில நாள்கள் கழித்துப் படிகங்கள் தோன்றியபின் பாஸ்டர் மீண்டும் வந்து, முதியவர் பார்த்திருக்க, அவற்றை வலம், இடம் எனப் பிரித்து வைத்தார். அதற்கு மேல் இளைஞரின் கை படவில்லை. கரைசல்களைத் தயாரித்தவர் பியோ.

அவர் முதலில் கருவியில் வைத்தது இடப்பக்கப் படிகங்களின் கரைசலை. இயற்கையில் அதுவரை எவரும் கண்டிராத வடிவம் அது. துல்லியமாக அளக்கும் தேவையே எழவில்லை; பார்த்த மாத்திரத்தில் ஒளி இடப்புறம் வலுவாகத் திரும்பியிருப்பது தெரிந்தது. உணர்ச்சிவயப்பட்ட பியோ இளைஞரின் கையைப் பற்றிக்கொண்டார் என்று பாஸ்டர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அன்று முதல் 1862இல் மறையும்வரை பியோ அவருக்குப் பரிந்துரையாளராகவும் தந்தை போன்றவராகவும் விளங்கினார். அந்த மே மாதத்திலேயே ஆய்வின் முடிவு அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. அதே மாதத்தில் பாஸ்டரின் தாயார் காலமானார்.

நற்பேறும் மறைந்துபோன ஒரு பெயரும்

இக்கண்டுபிடிப்பில் நற்பேற்றுக்கும் பங்குண்டு. சுழிமாய்க் கலவைகளில் மிகச் சிலவே இவ்வாறு வலமும் இடமும் தனித்தனிப் படிகங்களாகப் பிரியும். பெரும்பாலானவற்றில் இரண்டும் ஒரே படிகத்துக்குள் பிணைந்துவிடும். பாஸ்டர் தேர்ந்த உப்பும் ஏறத்தாழ 27 டிகிரி செல்சியசுக்கு மேல் பிணைந்தே படியும். வெப்பம் மிகுந்த நாடொன்றில் இதே சோதனை நடந்திருந்தால் இடுக்கிக்கு வேலை இருந்திருக்காது.

மற்றொன்று, வேதியியலாளர் ஒகுஸ்த் லோரானின் பங்கு. பலாரின் ஆய்வகத்தில் பாஸ்டருடன் பணியாற்றிய இவர், படிக வடிவத்துக்கும் மூலக்கூற்றின் அமைப்புக்கும் உள்ள உறவை ஏற்கெனவே ஆராய்ந்துவந்தவர். அந்தப் பாதையை இளைஞருக்குக் காட்டியவர். தொடக்கத்தில் இவருக்கு நன்றி தெரிவித்த பாஸ்டர், பிற்காலத்தில் தம் கண்டுபிடிப்பை விவரித்தபோது இவரைக் குறிப்பிடாமல் விட்டார். லோரான் 1853இலேயே காசநோயால் மறைந்ததால் எதிர்க்குரல் எழவில்லை. பாஸ்டரின் ஆய்வேடுகளை அவருடைய பேரர் 1964இல் பிரான்சின் தேசிய நூலகத்துக்கு வழங்கினார். அவற்றை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜெரால்ட் கீசன், கண்டுபிடிப்பு நிகழ்ந்த விதம் பாஸ்டர் பின்னாளில் சொன்ன அளவுக்கு நேர்கோடாக இல்லை என்று 1995இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். சாதனையின் உண்மையை இது குறைக்கவில்லை. தனியொருவரின் திடீர் ஞானம் என்ற சித்திரத்தை மட்டும் திருத்துகிறது.

கைப்பிடியும் பூஞ்சையும்

1849இல் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற பாஸ்டர், அங்குள்ள கல்வித் தலைவரின் மகள் மரீ லோரானை மணந்தார். மேற்சொன்ன லோரானுக்கும் இக்குடும்பத்துக்கும் உறவில்லை. வீட்டில் கணவர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்புகளை எழுதிய மரீ, நாளடைவில் அவருடைய பணிகளில் இணைபிரியாத துணையானார்.

ரெசிமிக் அமிலம் அப்போது கிடைத்தற்கரிய பொருளாகிவிட்டது. 1852இல் அதைத் தேடி லைப்சிக், வியன்னா, பிராகா என ஆலை ஆலையாக பாஸ்டர் பயணம் செய்தார். மறு ஆண்டு, டார்டாரிக் அமிலத்தையும் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் ஒரு காரப்பொருளையும் சேர்த்த உப்பை 170 டிகிரியில் பல மணி நேரம் சூடாக்கி, அந்த அமிலத்தைத் தாமே உருவாக்கினார். இதற்கெனப் பாரிஸ் மருந்தியல் சங்கம் அறிவித்திருந்த 1,500 பிராங்க் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அதே 1853இல் அவர் கண்ட இரண்டாவது பிரிப்பு முறை, இடுக்கி முறையைவிடப் பன்மடங்கு பயனுடையது. வலக்கையால் ஒருவரின் வலக்கையைக் குலுக்குவதும் இடக்கையைக் குலுக்குவதும் ஒன்றல்ல. அதுபோல, வலமும் இடமும் கலந்த அமிலத்துடன் ஒரே கைப்பாங்குள்ள சிங்கோனா காரத்தைச் சேர்த்தால் உருவாகும் இரு உப்புகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்களாக இரா. அவற்றின் கரைதிறன் வேறுபடும். ஒன்று முந்திப் படிகமாகும், மற்றது கரைசலில் தங்கும். பின்னர் காரத்தை நீக்கினால் விரும்பிய அமிலம் தனியே கிடைக்கும். படிகங்களின் வடிவத்தையோ பருவத்தையோ நம்பி இருக்க வேண்டியதில்லை. மருந்து ஆலைகளில் இன்றளவும் பெருமளவில் கையாளப்படுவது இம்முறையே. அங்குப் பல மருந்து மூலக்கூறுகளைப் பிரிக்கத் துணைநிற்கும் பொருள்களுள் டார்டாரிக் அமிலமும் ஒன்று என்பது சுவையான செய்தி.

மூன்றாவது முறையைக் காட்டியது ஓர் உயிர். சுழிமாய் டார்டாரிக் அமிலத்தின் அம்மோனியம் உப்பில் பெனிசிலியம் பூஞ்சை வளர்ந்தபோது, ஒளியைச் சுழற்றாதிருந்த கரைசல் நாளுக்கு நாள் இடப்புறம் சுழற்றத் தொடங்கியதை பாஸ்டர் கவனித்தார். பூஞ்சை வலஞ்சுழி வடிவத்தை மட்டும் உணவாகக் கொண்டு இடஞ்சுழியைத் தீண்டாமல் விட்டிருந்தது. 1858இல் வெளியான இம்முடிவு, வேதியியலாளர் பாஸ்டரையும் நுண்ணுயிரியலாளர் பாஸ்டரையும் இணைக்கும் பாலம். உயிரினங்கள் வலத்தையும் இடத்தையும் வேறுபடுத்தி அறிகின்றன எனில், நொதித்தலின்போது ஒளியைச் சுழற்றும் பொருள்கள் தோன்றுவதற்கும் உயிரே காரணமாக வேண்டும் என்று அவர் எண்ணினார். லீல் நகரில் பேராசிரியராக இருந்தபோது ஆலை அதிபர்களின் வேண்டுகோளால் நொதித்தலை ஆராயத் தொடங்கியிருந்த அவருக்கு இந்த எண்ணமே வழிகாட்டியது. பாலைப் பதப்படுத்தலும் நோய்க்கிருமிக் கோட்பாடும் பின்னர் வந்தவை.

இந்த ஒருபக்கத் தன்மையே உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையிலான எல்லை என்று அவர் உறுதியாக நம்பினார். பேரண்டத்தின் ஏதோ ஒரு விசை இதற்குக் காரணமாகலாம் என்று கருதி, வலிய காந்தங்களுக்கு இடையே படிகங்களை வளர்த்தார். கதிரவன் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறைவதைப் போன்ற தோற்றத்தைக் கண்ணாடிகளால் உண்டாக்கிச் செடிகளை வளர்க்கவும் முயன்றார். எதுவும் பலிக்கவில்லை, நலம் விரும்பிய மூத்தவர்கள் இம்முயற்சிகளைக் கைவிடுமாறு அறிவுறுத்தினர். எனினும் கேள்வி தவறானதன்று. புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் இடக்கை வகையாகவும் டி.என்.ஏ.வின் சர்க்கரை வலக்கை வகையாகவும் ஏன் அமைந்தன என்பதற்கு ஏற்கப்பட்ட விடை இன்றும் இல்லை.

மருந்துப் பட்டையில் ஒரு முன்னொட்டு

மூலக்கூற்றில் வலமும் இடமும் எங்ஙனம் அமைகின்றன என்பதை பாஸ்டரால் சொல்ல இயலவில்லை. 1874இல் டச்சுக்காரரான வான்ட் ஹாஃபும் பிரெஞ்சுக்காரரான லெ பெலும் தனித்தனியே அதற்கு விடை கண்டனர். கார்பன் அணுவின் நான்கு பிணைப்புகள் நான்முகியின் முனைகளை நோக்கி நீள்கின்றன. நான்கிலும் வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால் அவற்றை இரு வகையில் அடுக்கலாம். ஒன்று மற்றதன் பிம்பம். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் வான்ட் ஹாஃபுக்கு வழங்கப்பட்டது. அணுக்கள் உண்மையில் எந்தப் பக்கம் அமைந்துள்ளன என்பதை நெதர்லாந்தின் பெய்வூட் குழு 1951இல் எக்ஸ் கதிர்களால் உறுதிசெய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் டார்டாரிக் அமிலத்தின் ஓர் உப்புதான்.

பூஞ்சையைப் போலவே மனித உடலும் வலம், இடம் அறியும். நோய்த்தொற்றுக்குத் தரப்படும் லெவோஃப்ளாக்சசின், ஒவ்வாமைக்கான லெவோசெட்டிரிசின் ஆகியவற்றின் பெயர்களில் உள்ள லெவோ என்ற முன்னொட்டு இடஞ்சுழியைக் குறிப்பது. முன்பு கலவையாக விற்கப்பட்ட மருந்துகளிலிருந்து பயன்தரும் பாதி மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு இவை வந்தன. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறையுடன் பிறக்கக் காரணமான தாலிடோமைடும் இரு வடிவங்களின் கலவையே. ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் தீங்கு நேர்ந்திராது என்று பலரும் எழுதுவதுண்டு. உடலுக்குள் சென்றபின் ஒரு வடிவம் மற்றதாக மாறிவிடுவதால் அது சரியான முடிவன்று. கலவை மருந்துகளின் ஒவ்வொரு வடிவத்தின் செயலையும் தெரிவிக்க வேண்டும் என்று 1992இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டுதல் வெளியிட்டது.

இறுதி ஆண்டுகள்

புகழ் வளர்ந்த அதே ஆண்டுகளில் பாஸ்டரின் இல்லத்தில் துயரமும் அடுக்கடுக்காக வந்தது. ஐந்து குழந்தைகளில் மூவரை இழந்தார்: 1859இல் ழானையும், 1865இல் இரண்டு வயது கமீயையும், 1866இல் செசீலையும். மூத்த இரு மகள்களையும் கொண்டுசென்றது குடற்காய்ச்சல். 1868 அக்டோபரில் பக்கவாதத்தால் அவரது இடப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 45. அதன் பின்னரே ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியும், 1885 ஜூலை 6 அன்று ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்குப் போடப்பட்ட வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் வந்தன. அந்தச் சிகிச்சையைப் பின்பற்றி இந்தியாவில் 1900இல் கசௌலியிலும் 1907இல் நீலகிரி மாவட்டம் குன்னூரிலும் அவர் பெயரால் நிறுவனங்கள் தோன்றின.

படிகங்களை விட்டு விலக நேர்ந்தது குறித்த ஏக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1883இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், மூலக்கூறுகளின் ஒருபக்கத் தன்மை குறித்து மீண்டும் ஒருமுறை வேதியியலாளர்களிடையே உரையாற்றினார். ஆனால் ஆய்வகத்தில் அதற்குத் திரும்ப நேரம் வாய்க்கவில்லை. 1895 செப்டம்பர் 28 அன்று பாரிசுக்கு அருகே காலமானார்.

பாரிசில் 1888இல் திறக்கப்பட்ட பாஸ்டர் நிறுவனத்தின் நிலவறையில் அவரது உடல் வைக்கப்பட்டுள்ளது. அதன் சுவர்களில் அவருடைய கண்டுபிடிப்புகள் ஆண்டு வரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. வெறிநாய்க்கடித் தடுப்பு அவ்வரிசையின் இறுதியில் உள்ளது. முதலில் இருப்பது 1848ஆம் ஆண்டும், மூலக்கூறுகளின் சமச்சீரின்மையும்.